ஓரத்தில் நிற்கும் சாட்சி: பழைய புகைப்படங்களில் ஊரைக் கண்டுபிடித்தல்

(ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவு, அச்சுக்காகச் சுருக்கித் திருத்தியது)



என்னை அழைக்க வந்தவர்கள், "பழைய படங்களாப் போட்டுக் காட்டுங்க சார், கூட்டம் தானா வரும்" என்றார்கள். கூட்டம் வந்துவிட்டது. நான் கொண்டுவந்திருப்பதோ ஒரே ஒரு படம். மன்னிக்க வேண்டும். நூறு படங்களை ஓட்டிக் காட்டினால் "அடடா, அந்தக் காலம்!" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவோம். ஒரு படத்தை ஒரு மணி நேரம் பார்த்தால் அது பேச ஆரம்பிக்கும்.

திரையில் தெரிவதுதான் அது. அஞ்சலட்டை அளவு. நடுவில் ஒரு கார். அதன் படிக்கட்டுப் பலகையில் ஒரு காலைத் தூக்கி வைத்து, வேட்டியும் கோட்டும் தலைப்பாகையுமாக ஒருவர். பின்னால் மண் ரோடு, இருபுறமும் புளியமரம். வலது ஓரத்தில், மரங்களின் இடுக்கில், இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி ஒரு மலை. இடது ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட ஒரு கல். படத்தின் முதுகில் பென்சிலால் 'மதுரை' என்று எழுதியிருக்கிறது. அதற்குப் பிறகு இருந்த எழுத்தைக் கரையான் தின்றுவிட்டது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இதை மதுரை என்றே ஒரு கட்டுரையில் எழுதினேன். தப்பு. அந்தத் தப்பை எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதுதான் இன்றைய பேச்சு.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். பழைய படம் எந்த இடத்தில் எடுத்தது என்று தெரியவேண்டுமானால் அதன் ஓரங்களைக் கேட்கவேண்டும். நடுவில் இருப்பதை எடுத்தவர் காட்ட விரும்பினார். நிற்கவைத்தார், துடைத்தார், அழகுபடுத்தினார். ஓரம் அவருக்குத் தெரியாமல் உள்ளே விழுந்தது. தெரியாமல் விழுந்ததற்குப் பொய் சொல்லத் தெரியாது.

1. முதுகில் இருக்கும் எழுத்து

படத்தின் பின்னால் எழுதியிருப்பதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம். முதல் சாட்சியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எழுதியவர் தன் வீட்டாருக்காக எழுதினார், நமக்காக அல்ல.

கரையான் தின்ற எழுத்து 'ரோடு' என்பதாக இருக்கும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. ராஜபாளையத்துக்காரர் ஒருவர்தான் சொன்னார்: "மதுரை ரோடு மதுரையிலயா இருக்கும்? இங்கல்லவா இருக்கும்!" எவ்வளவு எளிய உண்மை! ஊர்ப்பெயர் தாங்கிய சாலை அந்த ஊரில் இருப்பதில்லை. தென்காசி ரோடு ராஜபாளையத்தில் இருக்கிறது. மதுரையிலிருந்து கொல்லம் போகும் நெடுஞ்சாலை ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாக ஓடுகிறது. அது எந்த ஊரில் நிற்கிறதோ அந்த ஊரில் வேறொரு ஊரின் பெயரைச் சூடிக்கொள்ளும்.

அடுத்த சிக்கல் மாவட்டம். ஸ்ரீவில்லிபுத்தூர் 1910 வரை திருநெல்வேலி ஜில்லா. அந்த ஆண்டு புதிதாகப் பிறந்த ராமநாதபுரம் ஜில்லாவுக்குப் போனது. 1985இல் விருதுநகரைத் தலைநகராகக் கொண்ட காமராசர் மாவட்டத்துக்கு வந்தது. ஊர் ஓர் அங்குலம் நகரவில்லை, முகவரியில் மூன்று மாவட்டம் வந்துவிட்டது. ஆவணக் காப்பகத்தில் போய் 'விருதுநகர்' என்ற தலைப்பில் தேடிவிட்டு "ஒன்றும் இல்லை" என்று கைவிரித்தவர்கள் பலர். 'திருநெல்வேலி' என்று கேட்டிருக்கவேண்டும். இதற்குச் சான்று வேண்டுமென்றால் உங்கள் ஊர் பென்னிங்டன் நூலகமே இருக்கிறது. 1875இல் தோன்றிய அந்த நூலகம் திருநெல்வேலி கலெக்டர் ஒருவரின் பெயரை ஏன் சுமக்கிறது என்று யோசித்தால் பழைய ஜில்லா எல்லை தானாகத் தெரிந்துவிடும்.

பெயர் மாறினாலும் அடையாளம் தொலையும். சென்னை மாகாண முதல்வராக இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா தம் வீட்டைக் கலைமன்றத்துக்குக் கொடுத்தார். இன்று அது ராஜபாளையம் காந்தி கலைமன்றம். பழைய குடும்பப் படம் ஒன்றின் கீழே 'பி.எஸ்.கே. வீடு' என்று இருந்தால், அந்த வீடு இடிந்துபோனதாக இளைஞர்கள் நினைத்துக்கொள்வார்கள். வீடு அங்கேயே இருக்கிறது, பெயர்தான் வேறு.

இன்னொன்று, இரட்டைப் பெயர். 'திருமலை நாயக்கர் அரண்மனை' என்று குறிப்பு இருந்தால் எல்லோர் மனசும் மதுரைக்கு ஓடும். உங்கள் ஊரிலும் திருமலை நாயக்கர் அரண்மனை உண்டு. இதில் வேடிக்கை என்னவென்றால் இரண்டு அரண்மனையிலும் கோர்ட் நடந்திருக்கிறது. மதுரை மகாலில் 1970 வரை ஜில்லா கோர்ட். ஆகவே 'நாயக்கர் அரண்மனை, கோர்ட்' என்று விவரமாக எழுதி வைத்திருந்தாலும் பிரயோசனம் இல்லை. தூணின் பருமனைப் பார்க்கவேண்டும், முற்றத்தின் அகலத்தைப் பார்க்கவேண்டும். வாசலில் நிற்கும் டவாலி சேவகரின் தலை தூணில் எந்த உயரத்துக்கு வருகிறது என்று பார்ப்பது இன்னும் நல்லது. மதுரைத் தூண்களின் பக்கத்தில் மனிதன் எறும்பு.

2. மலை

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் இரண்டு ஊர்க்காரர்களுக்கும் கடவுள் கொடுத்த அளவுகோல் மேற்கே நிற்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை. மதுரைக்கும் மலை உண்டு: யானைமலை, நாகமலை, பசுமலை. ஆனால் அடிவானத்தை மூடிக்கொண்டு சுவர் மாதிரி நீளும் மலைத்தொடரை மதுரைத் தெருவிலிருந்து பார்க்க முடியாது.

மலை மேற்கே என்பது நிச்சயம் என்றால், படம் எடுத்தவர் எந்தத் திசையைப் பார்த்து நின்றார் என்பதும் நிச்சயமாகிவிடும். வடபத்ரசாயி கோயில் ராஜகோபுரம் கிழக்கு பார்த்தது. கோபுரத்துக்குப் பின்னால் மலை தெரிந்தால், நாம் பார்ப்பது கோபுரத்தின் முன்முகம். மலை தெரியாமல் கோபுரம் பளிச்சென்று வெயிலில் நின்றால், காலையா மாலையா என்ற கேள்வி வருகிறது. இங்கே என் கார் படத்தில் மலை வலது பக்கம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும்போது மலை வலது கைப்பக்கம் வரும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஆக எடுத்தவர் தெற்கே பார்த்து நிற்கிறார்.

எவ்வளவு தூரத்தில்? அதற்கு இரண்டு புள்ளி வேண்டும், ஒன்று கிட்டே, ஒன்று எட்டே. கையை நீட்டிக் கட்டைவிரலைத் தூக்கி, ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். விரல் தூணைவிட்டுத் தூணுக்குத் தாவும். அதே கணக்குத்தான். ராஜபாளையத்தை ஒட்டித் தனியாக நிற்கும் சஞ்சீவி மலையை விரல் என்று வைத்துக்கொண்டால், தொடர்ச்சி மலையின் சிகரங்கள் தூண். அதற்குக் கிழக்கே நீங்கள் நகர நகர, விரல் சிகரங்களுக்கு முன்னால் நகரும். சஞ்சீவி மலை எந்தச் சிகரத்தை மறைக்கிறது என்று தெரிந்தால் கேமரா நின்ற கோட்டை வரைபடத்தில் ஸ்கேலால் இழுத்துவிடலாம். இன்னொரு ஜோடி கிடைத்தால் இரண்டு கோடும் வெட்டும் இடம் கேமராவின் கால்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 'மலை தெரியவில்லை, அதனால் இந்த ஊர் இல்லை' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பழைய தகடுகளுக்கு நீல ஒளி மட்டுமே நன்றாகத் தெரியும். வானமும் நீலம், தூரத்து மலையின் மேல் படியும் மங்கலும் நீலம். இரண்டும் சேர்ந்து வெள்ளையாக வெளுத்துப்போகும். நேரில் நின்றவன் கண்ணுக்கு அடித்தாற்போல் தெரிந்த மலை, தகட்டில் இருக்காது. 1858இல் மதுரை, தஞ்சை, திருச்சி, ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை எல்லாம் சுற்றிப் படமெடுத்த லின்னேயஸ் டிரைப்புக்கு அந்த மொட்டை வானம் பிடிக்கவில்லை. நெகட்டிவின் மேலேயே மேகத்தைத் தூரிகையால் தீட்டினார். மரத்துக்கு இலை வைத்ததும் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டு வரிசையை 21 அச்சுகளை ஒட்டி 19 அடி நீளத்துக்குத் தந்த அதே கறாரான கைதான் இல்லாத மேகத்தையும் தந்தது. ஓரத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது என்றேன் அல்லவா? டிரைப் மாதிரியானவர்களின் வானத்தை அந்த விதியிலிருந்து தள்ளிவிடுங்கள்.

3. இடம் வலம்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சிட்டால் மலை இடம் மாறிவிடும். மேலே நான் சொன்ன கணக்கெல்லாம் தலைகீழ். ஆகவே மலையைப் பார்ப்பதற்கு முன் மனிதர்களைப் பாருங்கள். பூணூல் இடது தோளில் இருக்கவேண்டும். சட்டைப் பை இடது நெஞ்சில் இருக்கவேண்டும். என் படத்தில் கோட்டு மூடியிருந்ததால் இரண்டும் தெரியவில்லை. காரின் ஸ்டியரிங் காப்பாற்றியது. வலது பக்கம் இருந்தது. படம் நேர்தான்.

4. காலம்

எங்கே என்ற கேள்விக்குப் பக்கத்திலேயே எப்போது என்ற கேள்வியும் உட்கார்ந்திருக்கிறது. ஒன்று தெரிந்தால் மற்றது பாதி தெரியும்.

தமிழ்நாட்டில் இதற்கு நமக்கு வாய்த்த ஒரு கருவி உண்டு: எழுத்துச் சீர்திருத்தம். 1978இல் அரசு பெரியார் எழுத்தை ஏற்றது. அதுவரை லை, னை, ணை எழுத்துகளுக்கு யானைத் தும்பிக்கை மாதிரி மேலே ஒரு சுழி. 'அரண்மனை', 'தொழிற்சாலை', 'பாடசாலை' என்று எந்தப் பலகையில் பார்த்தாலும் கடைசி எழுத்தில் தும்பிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பலகை எழுதிய காலம் 1978க்கு முன் என்று ஏறக்குறையச் சொல்லலாம். பலகை எழுதிய காலம் என்றுதான் சொன்னேன். தும்பிக்கை வைத்த பலகைகள் 1990களிலும் பல கடை வாசலில் தொங்கின. பழைய பெயிண்டருக்குக் கை மாற நாளாகும்.

சினிமா போஸ்டரும் அப்படித்தான். சுவரில் 'பராசக்தி' தெரிந்தால் படம் 1952 அக்டோபருக்கு முந்தியது அல்ல. பிந்தியது எவ்வளவு என்பது போஸ்டருக்குத் தெரியாது. டூரிங் டாக்கீஸுக்குப் பெட்டி வந்து சேர மாதங்கள் ஆகும், சில சமயம் வருஷங்கள். மின்கம்பம் இன்னொரு சாட்சி. பைகாராவில் 1932இலும் பாபநாசத்தில் 1944இலும் மின்சாரம் எடுத்தார்கள்; அதன் கம்பி இந்தப் பக்கத்து மில்களுக்கும் தெருக்களுக்கும் வந்த கதை தனி. ராஜபாளையம் மில் தொடங்கியது 1936. கம்பமே இல்லாத கடைத்தெரு என்றால் நாம் ரொம்பப் பின்னால் இருக்கிறோம். மைல் கல்லில் 7 என்று இருந்தால் மைல், 11 என்று இருந்தால் கிலோமீட்டர். ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவே உள்ள தூரத்தைத்தான் சொல்கிறேன். ஆண்டாள் தேரில் மரச்சக்கரமா இரும்புச் சக்கரமா என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் என்னைவிட நன்றாகப் படிப்பார்கள்.

ஸ்டூடியோப் படம் என்றால் என்ன செய்வது என்று சிலர் கேட்பீர்கள். பின்னால் திரையில் ஏரியும் அன்னமும் மாடிப்படியும். அங்கேயும் ஓரம்தான். திரைச்சீலை தரையைத் தொடும் இடத்தில் செங்கல் தளம் தெரியும், பக்கவாட்டில் ஜன்னல் கம்பி தெரியும். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தினர் பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டத்தின் உதவியோடு தமிழ்நாட்டு ஸ்டூடியோப் படங்களைத் திரட்டியிருக்கிறார்கள். ஒரே திரை எத்தனை குடும்பங்களுக்குப் பின்னால் தொங்கியது என்று பார்த்தால் ஸ்டூடியோவையே அடையாளம் காணலாம்.

5. கோபுரம்

இப்போது வம்புக்கு வருகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்றுகொண்டு இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும்.

தமிழ்நாடு அரசு முத்திரையில் இருப்பது எந்தக் கோபுரம்? இந்த அவையில் வாக்கெடுப்பு நடத்தினால் முடிவு எனக்குத் தெரியும். உங்கள் ராஜகோபுரம் பதினொரு நிலை, ஏறக்குறைய 192 அடி. பாடப்புத்தகம் முதல் பஸ் கண்டக்டர் வரை எல்லோரும் இதுதான் அது என்கிறார்கள். முத்திரை உருவான ஆண்டு 1949. அதே ஆண்டு ஏப்ரலில் ராஜபாளையத்துக் குமாரசாமி ராஜா முதல்வரானார். ஏழு மைல் பக்கத்து ஊர்க்காரர் முதல்வர் என்றால் நம்ம கோபுரம்தானே போயிருக்கும்? ரசிகமணி டி.கே.சி. சொல்லித்தான் போனது என்றும் ஒரு பேச்சு உண்டு.

ஆனால் முத்திரையை வரைந்த ஓவியர் ஆர். கிருஷ்ணா ராவ் மதுரைக்காரர். மதுரை மீனாட்சி கோயில் மேற்குக் கோபுரத்தை வைத்தே வரைந்தேன் என்பது அவர் தரப்பு. நான் அவர் பக்கம். (இங்கே அவையில் எழுந்த சலசலப்பை அச்சில் தவிர்த்திருக்கிறேன்.)

வரைந்தவரே சொல்லியும் ஊர் ஏன் ஏற்கவில்லை? பிடிவாதம் என்று நான் சொல்லமாட்டேன். மக்கள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. மதுரைக் கோபுரங்களை நினைத்துப் பாருங்கள்: நிலைக்கு நிலை சுதைச் சிற்பக் கூட்டம், மூச்சுவிட இடமில்லை. உங்கள் கோபுரத்தில் சிற்பம் குறைவு. நிலைகளும் மாடங்களும் தூண்வரிசையும் வெறும் கோடுகளாக மேலே மேலே போகும். இப்போது முத்திரைக்கு வாருங்கள். ஒரு ரூபாய்க் காசு அளவில், கடிதத் தலைப்பில், ரப்பர் ஸ்டாம்பில் அச்சாகவேண்டிய படம் அது. சுதைச் சிற்பங்களை ஓவியர் விட்டுவிடத்தான் வேண்டும். சிற்பங்களைக் கழித்தால் மதுரைக் கோபுரமும் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் மாதிரி ஆகிவிடுகிறது. நீங்கள் பார்த்ததும் பொய் இல்லை, அவர் வரைந்ததும் பொய் இல்லை.

நிலைகளை எண்ணித் தீர்க்கலாமே என்பார்கள். மதுரை மேற்குக் கோபுரம் ஒன்பது நிலை, இது பதினொன்று. அவ்வளவு சின்னப் படத்தில் எண்ணிக்கை சாட்சியாகாது; ஓவியன் இரண்டு நிலையை விழுங்குவான், கூட்டுவான்.

இதைத் தீர்க்கமுடியாமல் போனதற்கு உண்மையான காரணம், முத்திரையில் ஓரமே இல்லை. கோபுரத்தின் அடியை முன்னால் நிற்கும் சிங்கத்தூண் மறைக்கிறது. இரண்டு பக்கத்தையும் தேசியக்கொடிகள் மறைக்கின்றன. மதில் இல்லை, தெரு இல்லை, தேரடி இல்லை, மலை இல்லை. நடுவை மட்டும் வெட்டி எடுத்து வட்டத்துக்குள் போட்டார்கள். எழுபது வருஷத்துக்கு மேல் இரண்டு ஊர் சண்டை போடுகிறது.

6. போய் நிற்பது

எல்லாக் கணக்கும் போட்ட பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பவேண்டும். அதற்கு முன் இரண்டு காகிதத்தைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. ஒன்று சர்வேத் துறையின் எஃப்.எம்.பி. எனும் புல அளவு வரைபட நகல், ரோட்டு அளவும் புறம்போக்கும் அதில் தெரியும். மற்றது, அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள் கொரோனா 1960 முதல் 1972 வரை எடுத்த படம். 1995இல் ரகசியத்தை நீக்கியதிலிருந்து யாரும் வாங்கலாம். நம் ஊர்க் கண்மாய்களின் அசல் கரையைப் பார்க்க அதைவிட நல்ல படம் நான் பார்த்ததில்லை. மதுரை உயர்நீதிமன்றக் கிளை உலகனேரிக் கண்மாயில் நிற்கிறது என்பதைப் படித்துத் தெரிந்துகொள்வது ஒன்று. தண்ணீர் பளபளக்கும் அந்தக் கறுப்பு வட்டத்தைப் பார்ப்பது வேறு.

நானும் இரண்டு நண்பர்களும் கார் படத்தைப் பெரிதாக்கி எடுத்துக்கொண்டு ராஜபாளையத்துக்கு வடக்கே ரோட்டோரமாக நடந்தோம். மலைமுகடு பொருந்தும் இடம் கிட்டத்தட்டக் கிடைத்துவிட்டது. புளியமரம் ஒன்றுகூட இல்லை. இனி அந்த இடது ஓரத்துக் கல்தான்.

படத்தில் அது ஆள் நெஞ்சு உயரம். நட்ட கல், அதன் மேல் படுக்கவைத்த கல்லின் நுனி. சுமைதாங்கி. தலைச்சுமையோடு நடப்பவர் யார் உதவியும் இல்லாமல் இறக்கி வைத்துத் திரும்பத் தூக்கிக்கொள்வதற்கு என்றே அந்த உயரம். பிள்ளைப்பேற்றில் இறந்துபோன பெண்ணின் நினைவாக, இறக்க முடியாமல் போன அவள் சுமைக்கு ஈடாக, வீட்டார் நட்டுவைப்பது தென்மாவட்ட வழக்கம். நெஞ்சு உயரக் கல்லைத் தேடி இரண்டு கிலோமீட்டர் நடந்தோம். இல்லை.

களைத்துப்போய் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். பெஞ்சு நிறைந்திருந்ததால் என் நண்பர் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்தார். முழங்கால் உயரம். வசதியான உயரம். டீ பாதி குடித்தபோதுதான் அவர் எழுந்து கல்லைப் பார்த்தார். இரண்டு நட்ட கல், மேலே ஒரு படுக்கைக் கல். ரோடு போட்டுப் போட்டு, தார் மேல் தாராக, ஜல்லி மேல் ஜல்லியாக, தரை மேலே வந்திருக்கிறது. கல் அங்கேயேதான் இருந்தது. நாங்கள்தான் பழைய உயரத்தைத் தேடிக்கொண்டிருந்தோம்.

படுக்கைக் கல்லின் பக்கவாட்டில் எழுத்து இருந்தது. சுண்ணாம்பும் போஸ்டர் பசையும் மூடியிருந்தன. டீக்கடைக்காரர் ஒரு சொம்புத் தண்ணீரும் தேங்காய் நாரும் கொடுத்தார். தேய்த்தோம். ஒரு பெண்ணின் பெயர் வந்தது. கடைசி எழுத்து ணை, தும்பிக்கையோடு. ஆண்டு மண்ணுக்குள் இருந்தது.

"இத்தனை வருஷமா அண்டாவ இது மேலதான் கவுத்து வைக்கிறேன்," என்றார் அவர். பிறகு அண்டாவை எடுத்துக் கீழே வைத்தார்.

(அச்சுக்காகச் சேர்த்தது: கூட்டம் முடிந்ததும் முன்வரிசையிலிருந்து ஒரு அம்மா திரைக்குப் பக்கத்தில் வந்தார்கள். காரையும் பார்க்கவில்லை, கல்லையும் பார்க்கவில்லை. புளியமரத்து அடியில், நான் ஒரு நாளும் கவனிக்காத இருட்டில் விரலை வைத்தார்கள். "இங்க ஒரு பொண்ணு கூடையோட உக்காந்திருக்கா, பாத்தீங்களா தம்பி?" என்று கேட்டார்கள். பார்த்தேன். இருக்கிறாள்.)